கண்வலி விதையும் கோல்சிசின் கணக்கும்

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு வெள்ளாமை வைத்திருப்பவர்களுக்கு இன்றைய விதை விலை மனப்பாடம். அந்த விதை மூட்டை கட்டிப் போன பிறகு என்னவாகிறது என்கிற கணக்கு மட்டும் தோட்டத்துக்கு வந்து சேர்வதில்லை. மருந்துத் துறையில் புதுமை எந்த இடத்தில் காசாகிறது, எந்த இடத்தில் ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. செங்காந்தள் பூக்கும் இந்தக் கொடியின் விதையைப் பின்தொடர்ந்து போனாலே போதும்.

காய்ந்த விதையில் கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் பொதுவாக 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் இருக்கும். நடுவாக 0.7 என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் அத்தனையும் கைக்கு வராது. முக்கால் பங்கு மீள்கிறது என்று கொண்டால், 1,000 கிலோ விதையிலிருந்து 5.25 கிலோ கோல்சிசின். இந்தியாவில் கவுட் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை 0.5 மில்லிகிராம். அந்த 5.25 கிலோவில் 1 கோடியே 5 லட்சம் மாத்திரை போடலாம். ஒரு மாத்திரைக்கு 0.1 கிராம் விதைகூட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மாத்திரை 0.6 மில்லிகிராம். விதை கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தால் அந்த மாத்திரைக்குள் இருக்கும் விதையின் விலை 23 பைசா. அதே மாத்திரை அங்கே ஒரு கட்டத்தில் 4.85 டாலருக்கு விற்றது. இடையில் இருக்கும் பணம் யாருக்கு, எதற்காகப் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் "மதிப்புக் கூட்டல்" என்று பேசுவதில் பலன் இல்லை.

கோல்சிசின் புது மருந்தே அல்ல. 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் கவென்தூவும் ஐரோப்பாவின் கோல்சிகம் செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறைச் சட்டங்கள் வருவதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்ததால், முறையான அனுமதி இல்லாமலேயே பல கம்பெனிகள் பல பத்தாண்டுகள் விற்றுக்கொண்டிருந்தன. ஒரு மாத்திரை 9 சென்ட். அனுமதி பெறாத பழைய மருந்துகளை ஒழுங்குக்குக் கொண்டுவரும் திட்டத்தை 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. யார் முதலில் சோதனை நடத்தி ஆவணம் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத் தனியுரிமைக் காலம் கிடைக்கும். யூ.ஆர்.எல். ஃபார்மா என்ற கம்பெனி அந்த இடைவெளியைப் பார்த்தது.

அவர்கள் நடத்திய முக்கியமான சோதனை பெரியதல்ல. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட நோயாளிகள் 200-க்கும் குறைவு. கேட்ட கேள்வி கூர்மையாக இருந்தது: கவுட் வலி வந்தவுடன் 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுக்கும் பழைய பழக்கத்துக்குப் பதிலாக, ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் கொடுத்தால் போதுமா? போதும் என்று தெரிந்தது. வலி அதே அளவுக்குக் குறைந்தது, வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைந்தது. மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதையும் அளந்தார்கள். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு கோல்சிசின் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அது உண்மையிலேயே தேவைப்பட்ட வேலை. 2009 ஜூலையில் கோல்கிரிஸ் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. கவுட்டுக்கு 3 வருடத் தனியுரிமை. மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்ற அரிய நோய்க்கும் சேர்த்து வாங்கியதால் அதற்கு 7 வருடம். அடுத்த வருடம் அனுமதி இல்லாத மற்ற கோல்சிசின் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து எஃப்.டி.ஏ. விலக்கியது. விலை 9 சென்டிலிருந்து 4.85 டாலருக்குப் போனது. 2012-ல் டக்கேடா அந்தக் கம்பெனியை 80 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்த விலை உயர்வு நோயாளிகளுக்குச் செய்த கொடுமையை அமெரிக்க மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள், அது சரியான கோபம். ஆனால் மேலாண்மைப் பாடத்தைத் தவறவிடக் கூடாது. மூலக்கூறு மாறவில்லை, விதை மாறவில்லை, மாத்திரையின் அளவும் ஏறக்குறைய அதேதான். புதிதாக வந்தது உறுதி ஒன்றுதான்: இவ்வளவு கொடுத்தால் போதும், இதோடு சேர்க்காதே என்பதற்கான ஆதாரம். அந்த ஆதாரத்துக்குச் சட்டம் வேலி போட்டுக் கொடுத்தது. மருந்துத் துறையில் லாபம் அந்த வேலிக்குள்தான் விளைகிறது, கிராம் கணக்கில் விளைவதில்லை.

வேலி நிரந்தரமும் அல்ல. 2014-ல் வேறொரு கம்பெனி 0.6 மில்லிகிராம் கேப்சூலாக, கவுட் வராமல் தடுப்பதற்கு மட்டும் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டது. டக்கேடா வழக்குப் போட்டும் நிறுத்த முடியவில்லை. எந்த உபயோகத்துக்குக் காப்புரிமை இருக்கிறதோ அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து உபயோகத்தில் நுழையலாம் என்பதைக் காட்டிய நகர்வு அது.

இதய நோய்ச் செய்தியும் ஏக்கர் கணக்கும்

கண்வலி விவசாயிகள் காதில் அடிக்கடி விழுவது அடுத்த அத்தியாயம். 2019-ல் கோல்காட் என்ற சோதனை: மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேருக்குத் தினம் 0.5 மில்லிகிராம், இதயச் சிக்கல்கள் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. 2020-ல் லோடோகோ-2, 5,522 பேர், குறைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2023 ஜூனில் எஃப்.டி.ஏ. இதய நோய்க்கு 0.5 மில்லிகிராம் கோல்சிசினை லோடோகோ என்ற பெயரில் அனுமதித்தது. உடனே, "இனி விதைக்குக் கிராக்கிதான், காட்டை உழுது இன்னும் நாலு ஏக்கர் போடலாம்" என்ற பேச்சு கிளம்புவது இயல்பு.

கணக்கைப் போடுங்கள். 10 லட்சம் பேர் வருடம் முழுவதும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் × 365 × 0.5 மில்லிகிராம் = 182.5 கிலோ கோல்சிசின். மேலே சொன்ன மீட்பு விகிதத்தில் அதற்கு ஏறக்குறைய 35 டன் விதை. ஏக்கருக்கு 100 கிலோ விதை என்று வைத்தால் 350 ஏக்கர். ஒரு நாட்டையே அசைக்கும் மருத்துவச் செய்திக்கு, கொங்கில் ஒரு பிர்காவின் ஓரத்திலேயே பயிர் செய்து முடித்துவிடலாம்.

வீரியம் மிகுந்த மருந்துகளின் இயல்பு இது. மருந்து எவ்வளவு வீரியமோ அவ்வளவு குறைவான விதை போதும். ஆகவே மருந்து அனுமதிச் செய்தியைப் பார்த்துப் பரப்பைக் கூட்டினால் இரண்டாவது வருடமே விலை விழும். விழுந்தால் நட்டம் விதையோடு நிற்காது. கிழங்கிலும் முதல் முடங்கியிருக்கிறது. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ விதைக்கிழங்கு, கம்பி, கல்கால், பூக்கும் பருவத்தில் தினம் காலையில் கையால் மகரந்தம் தொட்டுவைக்கும் ஆள் கூலி என்று எல்லாம் முதல் வருடமே போட்டாக வேண்டும்.

அதற்குள் மருத்துவச் செய்தியும் திரும்பிவிடும். 2024-ல் வெளியான கிளியர் சினர்ஜி சோதனையில் 7,062 மாரடைப்பு நோயாளிகளிடம் கோல்சிசின் பலன் காட்டவில்லை. முந்தைய சோதனைகள் பொய் என்று அர்த்தமில்லை. யாருக்கு, எப்போது கொடுப்பது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முடியாத கேள்வியின் மேல் கிழங்கு ஊன்ற முடியாது.

இன்னும் இரண்டு ஆபத்துகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்வலி விதையின் பெரிய உபயோகங்களில் ஒன்று தயோகோல்சிகோசைடு என்ற தசை இறுக்கம் தளர்த்தும் மருந்து. விதையில் கோல்சிசினோடு கோல்சிகோசைடும் இருப்பதால் கண்வலிக்கு அதில் தனி மதிப்பு. 2013 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை, அந்த மருந்து உடலில் சிதைந்து உருவாகும் ஒரு பொருள் செல் பிரிதலில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று சொல்லி, வாய்வழியாக 7 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவில் நடந்த ஒரு கூட்டத்தின் முடிவு, இங்கே யாரும் செய்தித்தாளில் படிக்காமலேயே, தாராபுரத்து மூட்டை விலைக்குள் வந்து உட்காரக்கூடியது.

இரண்டாவது, 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்குழு கண்வலிச் செடியின் மரபணுக்களையே படித்து, கோல்சிசின் உருவாகும் பாதையை ஏறக்குறைய முழுமையாகக் கண்டுபிடித்து, அதன் முன்பொருள் ஒன்றைப் புகையிலை இனச் செடி ஒன்றில் உருவாக்கிக் காட்டியது. நாளைக்கே ஈஸ்ட் தொட்டியில் கோல்சிசின் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கதை இதற்கு நல்ல அளவுகோல். ஈஸ்டில் அதன் முன்பொருளை உருவாக்கும் அறிவியல் முழு வெற்றி பெற்றது. சனோஃபி இத்தாலியில் பல பத்து டன் திறனுள்ள ஆலையை 2013-ல் ஓட்டியது. அதன் விலை கிலோ 350 முதல் 400 டாலர். அதற்குள் விவசாயிகள் வளர்த்த செடியிலிருந்து வரும் சரக்கு 250 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆலை நின்றது, பிறகு பல்கேரியக் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. தொட்டியை வென்றது செடிதான், ஆனால் எந்த விலையில் வென்றது என்று பாருங்கள். விவசாயியும் அந்த வெற்றியில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை.

நம் சட்டத்தில் எந்த வேலி நிற்கும்

அமெரிக்காவில் பழைய மருந்துக்குப் புது உபயோகம் கண்டு சம்பாதித்த வழி இந்தியாவில் அடைபட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளுக்குப் புது உபயோகம் கண்டுபிடிப்பதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று, நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை மறுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு எவ்வளவு பல் இருக்கிறது என்று காட்டிவிட்டது. சோதனைத் தரவுக்கு அமெரிக்கா தரும் தனியுரிமைக் காலமும் இங்கே இல்லை. 2019-ம் வருட மருந்துச் சோதனை விதிகளின்படி, பழைய மருந்துக்குப் புது உபயோகம் கேட்டால் அது புது மருந்தாகக் கருதப்பட்டு அதற்கான ஆதாரம் கேட்கப்படும். அதாவது செலவு உங்களுடையது, பலன் எல்லோருக்கும். மக்கள் நலனுக்கு இந்தச் சட்டம் நல்லது என்பதே என் கருத்து. ஆனால் கோவையில் உட்கார்ந்து கோல்சிசினுக்குப் புது நோய் கண்டுபிடித்துச் சம்பாதிக்கலாம் என்று முதலீட்டாளரிடம் பணம் கேட்பவர், இந்த ஒரு பத்தியைப் படித்திருக்க வேண்டும்.

மிஞ்சும் வேலிகள் இவை: பிரித்தெடுக்கும் முறைக்கான காப்புரிமை, பயிர் ரகத்துக்கான 2001-ம் வருடச் சட்டப்படி பதிவு, வெளியே சொல்லாத தொழில்முறை அறிவு, வாங்குபவரின் ஆவணத்துக்குள் நம் பெயர் ஏறுவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது என்று நினைக்கிறேன். ஒரு மருந்து ஆலை தன் மூலப்பொருள் ஆவணத்தில் ஒரு சப்ளையரின் பெயரை எழுதிவிட்டால், அவரை மாற்றுவதற்கு மறுபடியும் தணிக்கை, ஒப்பீட்டுச் சோதனை, கடிதப் போக்குவரத்து எல்லாம் செய்ய வேண்டும். அந்தச் சிரமமே நம்முடைய வேலி. முறைக்குக் காப்புரிமை கேட்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவின் உயிரியல் வளத்தைப் பயன்படுத்திய கண்டுபிடிப்பு என்றால், சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்யாமல் காப்புரிமை கைக்கு வராது. விண்ணப்பத்தை எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

விதையிலிருந்து எத்தனை படி ஏறலாம்

கொங்கில் இருந்து இந்தச் சங்கிலியில் ஏற மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது, கோல்சிசின் அளவைச் சொல்லி விதை விற்பது. அடுத்தது முதல்நிலைச் சாறு எடுத்து விற்பது. மூன்றாவது, மருந்துத் தரக் கோல்சிசினையே செய்வது. எல்லோரும் மூன்றாவதைப் பற்றித்தான் கனவு காண்கிறார்கள். முதல் படியில்தான் இன்னும் யாரும் தொடாத பணம் கிடக்கிறது.

இரண்டு லாட் எடுத்துக்கொள்வோம், தலா 1,000 கிலோ. ஒன்றில் 0.55 சதவீதம், மற்றொன்றில் 0.80. முக்கால் பங்கு மீட்பில் முதலாவது தருவது 4.125 கிலோ, இரண்டாவது 6 கிலோ. அதே கரைப்பான், அதே ஆள், அதே நேரம், 45 சதவீதம் கூடுதல் சரக்கு. களத்தில் வாங்கும் ஏவாரி இரண்டுக்கும் கிலோவுக்கு ஒரே விலைதான் கொடுக்கிறார். நல்ல விதை விளைவித்தவருக்கு அதைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. அந்தக் காகிதம் உருவாக்குவதே இங்கே செய்யக்கூடிய மிக மலிவான புதுமை.

மலிவு என்றாலும் எளிதல்ல. கோல்சிசின் அளவைக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி தப்பு செய்வதைவிட மாதிரி எடுப்பவர் தப்பு செய்வதுதான் அதிகம். மூட்டையின் மேல்வாயில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைப் பரிசோதனை முறை தெளிவாகச் சொல்கிறது: 5 மூட்டை வரை என்றால் எல்லா மூட்டையிலும், 6 முதல் 50 வரை என்றால் 5 மூட்டையில், 50-க்கு மேல் என்றால் 10 சதவீத மூட்டைகளில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடம். எல்லாவற்றையும் கலந்து, சதுரமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கை விட்டுவிட்டு, மிஞ்சியதை மறுபடி நாலாக்கி, தேவையான அளவு வரும்வரை குறைக்க வேண்டும். ஈரப்பதத்தைத் தனியே அளந்து, கோல்சிசினை உலர்ந்த எடைக்குக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரமாக விற்றவர் தண்ணீரையும் விற்றுவிடுவார், நன்றாகக் காயவைத்தவருக்கு நட்டம்.

விதையை அரைப்பதிலும் கவனம் வேண்டும். கண்வலி விதை கல்லுப்போல் கடினம். சூடேறும் அளவுக்கு மில்லில் விட்டால் எண்ணெய் கசிந்து மாவு கட்டிபடும், கரைப்பான் உள்ளே போகாது, எண் குறைவாக வரும். அரைத்த மாதிரியையும் கரைசலையும் பழுப்பு நிறக் கண்ணாடியில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கோல்சிசின் லூமிகோல்சிசினாக மாறிப்போகும். கரைசலாக இருக்கும்போது இது வேகமாகவே நடக்கும். ஜன்னலோரம் ஒரு நாள் நின்ற குடுவையின் முடிவை நம்பி விலை பேசக் கூடாது. இந்த வேலையைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் கையுறை, முகக்கவசம், தனி அறை வேண்டும். கோல்சிசினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு. கர்ப்பிணிகளை அந்த அறைக்கே அனுப்பக் கூடாது.

இரண்டாவது படியில் ஒரு நுட்பமான வாய்ப்பு இருக்கிறது. மருந்து மூலப்பொருளுக்கான சர்வதேச ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி முறை) வழிகாட்டியான ஐ.சி.எச். க்யூ7, செடியிலிருந்து எடுக்கும் மருந்துக்கு முழு ஜி.எம்.பி. கட்டாயம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று ஒரு அட்டவணையில் காட்டுகிறது. செடி சேகரிப்பதும், வெட்டி முதல் சாறு எடுப்பதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் வருகின்றன. அந்தச் சாறு மூலப்பொருளாக ஆலைக்குள் நுழையும்போதுதான் கட்டாயம் தொடங்குகிறது. எனவே விளைச்சல் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஆலை முதல்நிலைச் சாறு எடுத்து, எந்தத் தோட்டம், எந்த லாட், எந்தத் தேதி என்ற தடத்தோடு கொடுத்தால், பல கோடி ரூபாய் மருந்து ஆலை கட்டாமல் ஒரு படி ஏறிவிடலாம். வாங்குபவரின் தணிக்கை நிச்சயம் வரும். ஆனால் அது வேறு அளவுக் கேள்வி.

அங்கே கெட்டுப்போகும் இடங்கள்: விதைக் கொழுப்பை முதலில் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் நீக்காமல் ஆல்கஹால் விட்டால், பின்னால் நீரோடு பிரிக்கும்போது பால்போலத் திரண்டு இரண்டு அடுக்கும் பிரியாமல் நிற்கும். ஒரு கிலோ குடுவையில் நன்றாக வந்தது 200 கிலோ தொட்டியில் வராது. கரைப்பான் மாவுக்குள் ஒரே வழியாக ஓடி, மற்ற இடம் நனையாமல் கிடக்கும். கரைப்பானை ஆவியாக்க இரவெல்லாம் சூட்டில் விட்டால், அதுவும் அமிலத்தன்மை இருந்தால், கோல்சிசின் கோல்சிசீன் என்ற வேறு பொருளாக உடையும். குளோரோஃபார்ம் பயன்படுத்தினால் கோல்சிசின் அதையும் கட்டிக்கொண்டே படிகமாகும். சாதாரணமாக உலர்த்தி அதை விரட்ட முடியாது, ஆனால் மருந்தில் அனுமதிக்கப்பட்ட அளவோ 60 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 60 பங்கு. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் நாளே, கடைசியில் அதை எப்படி வெளியேற்றுவது என்றும் முடிவு செய்திருக்க வேண்டும்.

சக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கில் 7 கிலோவில் 5.25 கிலோதான் மீண்டது. மீதி 1.75 கிலோ சக்கையிலும் கழிவு நீரிலும் இருக்கிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாதிரி இதையும் மாட்டுக்கு வைக்கலாம் என்று யாராவது நினைத்தால் தொழுவமே காலியாகும். உரக்குழியிலும் போடக் கூடாது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பட்ட பாட்டையும், 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் உயர் நீதிமன்ற உத்தரவில் மூடப்பட்டதையும் பார்த்த ஊர் இது. சக்கையை எரியூட்டிக்கு அனுப்பும் செலவு திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாத அறிக்கைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுச்சூழல் அனுமதி, மருந்து உரிமம், நஞ்சு வெளியே கசியாதபடி அடைத்த உற்பத்தி அறை, மூன்று லாட்டுகளின் நிலைப்புத்தன்மைச் சோதனை, அமெரிக்காவுக்கு மூலப்பொருள் ஆவணம், ஐரோப்பாவுக்கு தகுதிச் சான்று. அதற்குப் பிறகும் முதல் வணிக ஆர்டர் வர வருடங்கள் ஆகும். மொத்தச் சந்தையோ சிறியது, ஏற்கெனவே அதில் வேரூன்றிய ஆலைகளும் இருக்கின்றன. கோல்சிசின் ஒன்றை மட்டும் நம்பி இந்தப் படியில் ஏறுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

நிறுத்தத் தெரிவது

கோவையில் பம்ப்செட் செய்கிறவருக்கும் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவருக்கும் ஒரு திறமை கைவந்தது. வாடிக்கையாளர் காலையில் குறை சொன்னால் சாயங்காலத்துக்குள் பட்டறையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கொங்கு வளர்ந்ததே இந்த வேகத்தால். மருந்தில் இதே திறமை ஆலையை மூடவைக்கும். உலர்த்தும் சூட்டை 50-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் ஷிப்ட் இரண்டு மணி நேரம் முன்னதாக முடியும் என்று மேற்பார்வையாளர் கண்டுபிடிக்கிறார். சரக்கும் பார்க்க நன்றாகவே இருக்கிறது. எச்.பி.எல்.சி. வரைந்து தரும் குரோமட்டோகிராமில் மட்டும் முன்பில்லாத ஒரு சின்ன பீக் வருகிறது, அதாவது புதிதாக ஒரு மாசுப்பொருள். அது 0.10 சதவீதத்தைத் தாண்டினால் என்னவென்று அடையாளம் காண வேண்டிவரும். வாங்கியவரின் கோப்பில் இருக்கும் முறை வேறு, வந்த சரக்கு வேறு என்றாகிவிடும். இங்கே எந்த மாற்றமும் முதலில் காகிதத்தில், பிறகு சிறிய அளவில், பிறகு வாங்குபவரின் சம்மதத்தோடு, கடைசியாகத்தான் தொட்டியில். இந்த ஒழுங்கைப் பழக்குவது கருவி வாங்குவதைவிடக் கஷ்டம்.

குடும்பக் கூட்டுத் தொழிலில் இன்னொரு முடிச்சு விழுகிறது. தரப் பிரிவு உற்பத்திப் பிரிவிலிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது க்யூ7 விதி. உற்பத்தியைப் பார்ப்பவர் மச்சான், தரத்தைப் பார்ப்பவர் அவர் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை என்றால் அந்த விதி பெயருக்குத்தான். லாட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முதலீடு போடும் நாளிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் எச்.பி.எல்.சி. கணினியைத் திறந்து, சோதனை என்ற பெயரில் மாதிரியை முன்கூட்டியே கருவியில் செலுத்திப் பார்த்துவிட்டு மறைத்த முடிவுகள் உண்டா என்றுதான் முதலில் தேடுவார்கள்.

நிறுத்தும் பழக்கம் பெரிய கம்பெனிகளுக்கும் தானாக வரவில்லை. அஸ்ட்ராஜெனிகா 2005–2010 காலத்தில் தேர்ந்தெடுத்த மருந்துகளில் மூன்றாம் கட்டச் சோதனையை வெற்றியோடு முடித்தவை 4 சதவீதம்தான். சரியான இலக்கா, சரியான திசுவைச் சேர்கிறதா, பாதுகாப்பானதா, சரியான நோயாளியா, சந்தை உண்டா என்ற ஐந்து கேள்விகளை ஆரம்பத்திலேயே கறாராகக் கேட்கத் தொடங்கிய பிறகு, 2012–2016-ல் அது 19 சதவீதமானது. குறைந்த எண்ணிக்கையில் திட்டங்களை எடுத்து, பதில் வராதவற்றைச் சீக்கிரம் விட்டார்கள்.

நம்முடைய விதைத் திட்டத்துக்கும் இதைச் சின்ன அளவில் செய்யலாம். முதல் பருவத்தில் 30 தோட்டத்து விதையை ஒரே ஆய்வகத்தில், ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் உள்ள வித்தியாசம், ஒரே மாதிரியை மூன்று முறை அளந்ததில் வரும் வித்தியாசத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சதவீதத்துக்கு விலை பேச அடிப்படையே இல்லை. இருந்தால், அடுத்த வருடம் அதே தோட்டங்களை மறுபடி அளக்க வேண்டும். போன வருடம் மேலே இருந்தவர்கள் இந்த வருடமும் மேலேயே இருந்தால் அது கிழங்கின் குணம் அல்லது நிலத்தின் குணம், பெருக்கிப் பார்க்கலாம். வரிசை கலைந்துவிட்டால் அது மழையின் வேலை, ரகம் என்று பேசக் கூடாது. கிழங்கிலிருந்து பெருகுவதால் நல்ல வகையைப் பரப்புவது மெதுவாகத்தான் நடக்கும். கிழங்கு அழுகல் வந்த காட்டிலிருந்து தாய்க்கிழங்கு எடுத்தால் நல்ல குணத்தோடு நோயும் பரவும். இந்த வேலைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மூலிகைப் பயிர்த் துறையைப் போல் பக்கத்தில் கிடைக்கும் துணை வேறில்லை.

சாறு எடுக்கும் திட்டத்துக்கு இன்னொரு வாசல் உண்டு: வாங்கும் ஆலையிடமிருந்து எழுத்தில் ஒரு தரவரையறை. கோல்சிசின் குறைந்தபட்சம் எவ்வளவு, கோல்சிகோசைடு எவ்வளவு, மீந்த கரைப்பான், பூச்சிமருந்து எச்சம், ஈயம், காட்மியம் எவ்வளவு வரை. "சரக்கு வரட்டும், பார்க்கலாம்" என்ற பதிலுக்குத் தொட்டி வாங்கக் கூடாது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப அமைப்பான பைராக் புது முயற்சிகளுக்குத் தரும் பிக் நிதி 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை, பங்கு கேட்பதில்லை. இந்த இரண்டு வாசல்களையும் கடக்க அந்தத் தொகை போதும். அதைக் கட்டடத்திலும் பெரிய கருவியிலும் கரைத்துவிட்டு, அளவுகளே இல்லாமல் கடைசி அறிக்கை எழுதுவது அந்தப் பணத்துக்குச் செய்யும் அநியாயம். கருவி நேரத்தை வாடகைக்கு எடுக்கலாம். விதை, மாதிரி, ஆள், சோதனை ஆகியவற்றுக்கே பணம் போக வேண்டும்.

விவசாயிகளோடு போடும் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு இருந்தால் போதாது. கிழங்கில் முதல் முடங்குவதால் குறைந்தது மூன்று வருடம், கிலோவுக்கு ஒரு அடிவிலை, அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதக் கோல்சிசினுக்கும் இவ்வளவு என்று கூடுதல் தொகை. அடிவிலை இல்லாமல் சதவீதத்தை மட்டும் பேசினால், மழை கெட்ட வருடத்தின் ஆபத்து முழுவதும் விளைவித்தவர் தலையில் விழும், அவர் அடுத்த வருடம் முருங்கைக்குப் போய்விடுவார். எடுத்த மாதிரியை மூன்றாகப் பிரித்து, மூன்றிலும் இருவரும் கையெழுத்திட்டு அரக்கு வைக்க வேண்டும். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று விற்பவருக்கு. இருவர் எண்ணும் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் வேறுபட்டால், மூன்றாவதை இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதிக்கும், அந்த எண்ணே இருவரையும் கட்டும். அந்தச் சோதனைக் கட்டணத்தை, முடிவிலிருந்து யாருடைய எண் அதிகம் விலகியதோ அவர் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளலாம்.